தென்கலை ஆத்துக்குப் போகும் மகளுக்கு

சௌபாக்யவதி கண்ணம்மாவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம்.

வைஷ்ணவர்களில் நாம் வடகலை, நீ வாழ்க்கைப்படுகிற ஆம் தென்கலை. இரண்டு பிரிவுக்கும் நடுவில் கலை பேதம் பதினெட்டு என்பார்கள். தினப்படி வாழ்க்கையில் முட்டுவது நாலைந்துதான்.

முதலில் தனியன், அதாவது ஆசார்யனைத் துதிக்கிற சுலோகம். ஆத்துப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் கோயிலாழ்வார் முன் நின்றதும் உன் வாயில் நம் ஆசார்யன் வேதாந்த தேசிகனுடைய ‘ராமாநுஜ தயாபாத்ரம்’ தானாக வரும். அங்கே அவர்கள் ஆசார்யன் மணவாள மாமுனிகளின் ‘ஸ்ரீசைலேச தயாபாத்ரம்’. அவர்கள் சொல்லி முடிக்கிறவரை நீ உன்னுடையதை மனசுக்குள் சொல்லிக்கொள். ஆழ்வார்களின் பிரபந்தம் ஆரம்பித்ததும் குரல் கொடு. பாசுரம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். சத்தத்தில் போட்டி போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் காஞ்சி வரதர் கோயில் இருக்கிறது. எந்தத் தனியன், யார் கோஷ்டி என்று தலைமுறை தலைமுறையாகக் கோர்ட் வழக்கு. தேசிகன் அவதாரம் 1268, மாமுனிகள் அவதாரம் 1370. தேசிகன் பரமபதித்த பிறகுதான் மாமுனிகள் பிறந்தார். நேரில் பார்த்தே இராத இரண்டு மகான்கள் பெயரால் பெருமாள் எதிரிலேயே கைகலப்பு வரை போவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பெரியவர்களைச் சேவிக்கும்போது நாம் இரண்டு, நாலு என்று சேவிப்போம். அங்கே ஒரே தடவை. நீ மறுபடி குனிவதற்குள் அவர்கள் ஆசீர்வாதம் பண்ணி நகர்ந்திருப்பார்கள்; அவமதித்ததாக நினைக்காதே. ஆத்துப் பெருமாளுக்குப் பண்ணும் திருவாராதனத்தில் அவர்கள் மணி அடிப்பதில்லை. பழக்கத்தில் கையில் எடுத்துவிடாதே.

கிருஷ்ணன் பிறந்த ஸ்ரீஜயந்தி சில வருஷம் நாள் மாறி வரும். நம்மவர்களிலேயே அஹோபில மடத்தாருக்கும் முனித்ரயத்தாருக்கும் ஒத்துவராதே! ஆடி முடிவதற்குள் மாமியாரிடம் கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்.

பெரிய விஷயம், ஆசார்யனிடம் தோளில் சங்கு சக்கரம் பொறித்துக்கொள்ளும் சமாச்ரயணம். உனக்கு ஏற்கெனவே ஆகிவிட்டது. மறுபடி தேவையில்லை என்பது என் தீர்மானமான எண்ணம். நமக்கு, பெருமாளிடம் நம்மை ஒப்படைக்கும் பரந்யாசம் தனி. அவர்களுக்கு அது தனியாகக் கிடையாது. நீ பண்ணிக்கொள்ள விரும்பினால் கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு. குழந்தைகளுக்கு அப்பா வழி ஆசார்யன் என்பது வழக்கம். குழந்தை நெற்றியில் அவர்கள் மாதிரி பாதம் வைத்த திருமண்ணா, நம் மாதிரி வைக்காததா என்று தொட்டிலண்டை நின்று இரண்டு பாட்டிகளும் வாதம் பண்ணக்கூடாது. அதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப் வெள்ளிக்கிழமை வரும். தலைப்பில் நம் பக்கம் ‘நிகமாந்த மஹாதேசிகாய நம:’ போடுவோம், அவர்கள் ‘வரவரமுநயே நம:’ போடுவார்கள். இரண்டும் வேண்டாம், இரண்டு பேருக்கும் பொதுவான ‘ஸ்ரீமதே ராமாநுஜாய நம:’ மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன். சம்பந்தி மாமாவுக்குச் சம்மதமா என்று கேட்டு எழுது.

அம்மா