கவிதாவின் பட்டத்தில் வகுப்பு இல்லையே என்று கேட்டாய்

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தேர்வு வேலை முடியட்டும், நிதானமாக எழுதலாம் என்று வைத்திருந்தேன். கவிதா கால்நடை மருத்துவர் ஆகிவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அவளை நான் கட்டிக்கொண்டதாகச் சொல்.

அப்புறம் உன் கவலை. பொருளாதாரம் படித்த அவள் அண்ணனின் சான்றிதழில் முதல் வகுப்பு என்று இருக்கிறது, இவளுடையதில் பட்டத்தின் பெயர் மட்டும்தான் இருக்கிறது, மார்க் குறைந்துபோய் மறைக்கிறாளோ என்று எழுதியிருந்தாய். அப்படி எதுவும் இல்லை விஜயா. பிரிட்டனில் மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் மூன்றுக்கும் பொதுவாக வகுப்பே கிடையாது. மற்ற பட்டங்களில் 70க்கு மேல் முதல் வகுப்பு, 60க்கு மேல் இரண்டாம் வகுப்பின் மேல் பிரிவு என்று போகும். இவர்களுக்குத் தேர்ச்சி உண்டு, அல்லது இல்லை. முன்வரிசையில் வந்த சிலருக்கு மெரிட், டிஸ்டிங்ஷன், ஹானர்ஸ் என்று சேர்த்துக் கொடுக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. நடுவில் ஒரு வருடம் ஒதுக்கி பி.எஸ்சி. படித்தால் அந்த பி.எஸ்சி.க்கு மட்டும் வகுப்பு போடுவார்கள்.

ஏன் இப்படி என்று நீ கேட்பாய். பல் மருத்துவத் தேர்வாளராக இத்தனை வருடம் உட்கார்ந்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை. வரலாறு படிக்கிறவர் ஒரு கட்டுரையில் சறுக்கினால் அடுத்ததில் ஈடுகட்டிவிடலாம். மருந்தின் அளவைத் தப்பாகக் கணக்குப் போடுகிறவரை, உடற்கூறியலில் 90 வாங்கினார் என்பதற்காக நோயாளியிடம் அனுப்ப முடியுமா? அதனால் பல இடங்களில் மொத்த மார்க் போதாது, செய்முறைத் தேர்வில் இத்தனை நிலையங்களிலாவது (ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இடம், அதைத்தான் நிலையம் என்போம்) தேறியிருக்க வேண்டும் என்று தனியாக ஒரு விதி இருக்கும்.

அந்தச் செய்முறைத் தேர்வை ஆஸ்கி (OSCE) என்போம். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ஹார்டனும் அவருடன் இருந்தவர்களும் 1975இல் வெளியிட்ட முறை. மணி அடித்தால் மாணவர் அடுத்த நிலையத்துக்குப் போவார், ஒவ்வொன்றிலும் சில நிமிடம், ஒரு வேலை. என் கையில் இரண்டு தாள் இருக்கும். ஒன்றில் செய்தாரா இல்லையா என்று டிக் போட வேண்டும். இன்னொன்றில் மொத்தத்தில் எப்படி என்று என் அபிப்பிராயம்: தேறவில்லை, எல்லைக்கோட்டில் நிற்கிறார், தேறினார், நன்றாகச் செய்தார். பிறகு எல்லா மாணவர்களின் மார்க்கையும் இந்த அபிப்பிராயங்களோடு பொருத்தி, எல்லைக்கோட்டு மாணவர் எவ்வளவு வாங்குவார் என்று கணக்கிடுவார்கள். அதுதான் அந்த நிலையத்தின் தேர்ச்சி மதிப்பெண். எழுத்துத் தேர்வுக்கும் ஏறக்குறைய இதே யோசனைதான். ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியாக எடுத்து, தட்டுத்தடுமாறித் தேறக்கூடிய 100 பேரில் எத்தனை பேர் இதற்குச் சரியாக விடை எழுதுவார்கள் என்று சொல்வார்கள். ஆங்காஃப் முறை என்று பெயர். அதை வைத்துத்தான் தேர்ச்சிக் கோடு போடுவார்கள்; கேள்வி கடினமாக இருந்தால் அந்தக் கோடு இறங்கும், எளிதாக இருந்தால் ஏறும். இந்த வருடம் 57, அடுத்த வருடம் 64 என்று கோடு இடம் மாறுகிற தேர்வில் 70 வாங்கினால் முதல் வகுப்பு என்று எப்படிச் சொல்வது?

ஒரு மாணவரை இன்னும் மறக்கவில்லை. கை அவ்வளவு சுத்தம், பேச்சு அவ்வளவு கனிவு. டிக் தாள் கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. ஆனால் பென்சிலின் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்காமலே அதை எழுதிக் கொடுத்தார். அபிப்பிராயத் தாளில் ‘தேறவில்லை’ என்று எழுதும்போது எனக்கே வலித்தது. பிறகு வேறொரு தேர்வில் வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வியே ஒவ்வாமை பற்றித்தான். இப்போது அவர் நல்ல பல் மருத்துவர். அவர் சான்றிதழும் கவிதாவுடையதைப் போலத்தான் இருக்கும்.

வகுப்பு இல்லை என்பதால் போட்டியே இல்லை என்று நினைத்துவிடாதே. மருத்துவ மாணவர்களைப் பல வருடங்கள் பத்துப் பிரிவாக வரிசைப்படுத்தி, அதற்குப் புள்ளி கொடுத்து, முதல் வேலைக்கு எந்த ஊர் என்று முடிவு செய்தார்கள். பட்டத்தில் இல்லாத வகுப்பு பின்வாசல் வழியாக வந்துவிட்டது. 2024இல் வேலை தொடங்கியவர்களிலிருந்து அதை எடுத்துவிட்டு, கணினி குலுக்கிப் போட்டுக் கொடுக்கும் வரிசை எண்ணையும் அவரவர் விருப்பத்தையும் வைத்து இடம் தருகிறார்கள். இது எனக்கு முழுக்கச் சம்மதமில்லை. ஐந்தாறு வருடம் உழைத்த பிள்ளைக்குக் குலுக்கல் சீட்டு மாதிரி ஓர் எண்ணா? ஆனாலும் பழைய முறையில் நண்பர்கள் ஒருவருக்கொருவர் குறிப்பைக்கூடக் காட்டாமல் வைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு இதுவே மேல் என்றுதான் படுகிறது.

கவிதாவுக்கு அந்தக் கவலையும் இல்லை. கால்நடை மருத்துவர்கள் வேலையைத் தாங்களே தேடிக்கொள்கிறார்கள். எடுக்கிறவர்கள் வகுப்பைக் கேட்கமாட்டார்கள். பயிற்சிக் காலத்தில் எங்கெங்கே இருந்தாள், எதைத் தனியாகச் செய்வாள், எப்போது பெரியவர்களைக் கூப்பிடுவாள் என்றுதான் கேட்பார்கள். பாட வாரியான மார்க் பார்த்தே ஆக வேண்டும் என்றால் சான்றிதழோடு மதிப்பெண் பட்டியலும் வந்திருக்கும், அவளிடமே கேள். மறைக்கிறாயா என்று மட்டும் கேட்டுவிடாதே.

மாட்டு வைத்தியமா, நாய் பூனையா என்று முடிவு செய்துவிட்டாளா? அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
சாந்தி