ஹாக்னி டவுன்ஸ் பள்ளி: நாலு வரியில் முடிகிற கதை அல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் இங்கிலாந்துப் பள்ளிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கிழக்கு லண்டனில் ஹாக்னி டவுன்ஸ் என்ற உருப்படாத பள்ளியை 1995இல் இழுத்து மூடினார்கள். அதே இடத்தில் 2004இல் மாஸ்போர்ன் அகாடமி (கவுன்சில் பிடியில் இல்லாமல் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி) வந்தது. கண்டிப்பான தலைமை ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்றார். பிள்ளைகள் கேம்பிரிட்ஜுக்குப் போனார்கள். கட்டுரையாளர் நாலே வரியில் கதையை முடித்துவிட்டு, "கண்டிப்பு இருந்தால் போதும்" என்ற முடிவுக்கும் வந்துவிட்டார். அவர் சொன்ன தகவல் எதுவும் பொய் இல்லை. சொல்லாமல் விட்டதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் அந்த முடிவு தேறுமா என்பதுதான் என் சந்தேகம். பல வருடமாக அந்த வட்டாரத்தில் குடியிருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில், அது தொடக்கத்திலிருந்தே உருப்படாத பள்ளியாக இருந்ததில்லை. லண்டனின் பழைய வணிகர் சங்கங்களில் ஒன்றான குரோசர்ஸ் கம்பெனி 1876இல் நடுத்தரக் குடும்பத்துப் பையன்களுக்காகத் தொடங்கிய பள்ளி அது. 1906இல் நகர நிர்வாகமான லண்டன் கவுண்டி கவுன்சில் கைக்கு வந்தது. அதன் பிறகு இங்கிலாந்தின் பேர்பெற்ற கிராமர் பள்ளிகளில் (தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளிகள்) ஒன்றாக அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. கிழக்கு லண்டனில் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் ஏராளமாகப் படித்தார்கள். தையல்காரர் மகன், கடைக்காரர் மகன் என்று வந்தவர்கள் டாக்டராகவும் பேராசிரியராகவும் வெளியே போனார்கள்.

2005இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஹெரால்டு பின்டர் அப்படி வந்தவர்தான். அப்பா தையல்காரர். பின்டர் 1944இல் இங்கே சேர்ந்தார். ஆங்கில ஆசிரியர் ஜோ பிரியர்லி அவரை 1947இல் மெக்பெத்தாகவும் மறு வருடம் ரோமியோவாகவும் மேடை ஏற்றினார். வகுப்பு முடிந்ததும் வாத்தியார் வீட்டுக்குப் போய்விடவில்லை. பையனும் அவருமாக ஹாக்னி டவுன்ஸ் மைதானத்திலிருந்து கிளாப்டன் குளம் வரைக்கும் நாடகத்தையும் கவிதையையும் பேசிக்கொண்டே நடப்பார்களாம். பிரியர்லி இறந்தபோது பின்டர் அவருக்காக ஒரு கவிதை எழுதினார். உலகம் மைக்கேல் கெயின் என்று அறிகிற நடிகரும் சிறுவயதில் கொஞ்ச காலம் இந்தப் பள்ளி மாணவர். போர்க்காலத்தில் பள்ளியையே நார்ஃபோக் பக்கம் கிங்ஸ் லின் ஊருக்கு மாற்றியிருந்தபோது அங்கே சேர்ந்தார்.

இதைப் படிப்பவர்கள், "பார்த்தீர்களா, அந்தக் காலத்துக் கிராமர் பள்ளி எப்படி இருந்தது!" என்று சொல்லக்கூடும். சரி, ஆனால் அந்தப் பெருமைக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. 1944ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளிகளில் கட்டணத்தை எடுத்துவிட்டது. பதினோரு வயதில் எழுதும் சேர்க்கைத் தேர்வு நிலைத்தது. நாடு முழுக்க ஐந்தில் ஒருவர், கூடிப் போனால் நாலில் ஒருவர்தான் கிராமர் பள்ளிக்குள் போக முடிந்தது. மற்றவர்கள் செகண்டரி மாடர்ன் என்ற சாதாரண உயர்நிலைப் பள்ளிக்கு. ஹாக்னி டவுன்ஸின் புகழில் பிரியர்லி போன்றவர்களின் பங்கு பெரிது, மறுக்கவில்லை. வடிகட்டி எடுத்த பையன்கள்தான் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

1963இல் பெரிய தீ விபத்து ஒன்றில் விக்டோரியா காலத்துக் கட்டடத்தின் பெரும்பகுதி போனது. 1965இல் கல்வி அமைச்சர் ஆண்டனி கிராஸ்லண்ட், தேர்வு வைத்துப் பிரிப்பதை விட்டு எல்லாரையும் சேர்க்கும் காம்ப்ரிஹென்சிவ் முறைக்குத் திட்டமிடும்படி கல்வி ஆணையங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். 1969இல் ஹாக்னி டவுன்ஸும் மாறியது. யூதக் குடும்பங்கள் வடக்குப் புறநகர்களுக்குக் குடிபெயர, கரீபியன், துருக்கி, தெற்காசியக் குடும்பங்கள் ஹாக்னிக்கு வந்தன. மாறிய உடனே பள்ளி சரிந்துவிடவில்லை. கட்டுரையாளர் இந்த இருபத்தைந்து வருடத்தை அப்படியே தாண்டிக் குதித்திருக்கிறார். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

1988ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இரண்டு வேலை செய்தது. பள்ளிக்கு வரும் பணத்தை மாணவர் எண்ணிக்கையோடு முடிச்சுப் போட்டது. உள்லண்டன் முழுவதற்கும் பொதுவாக இருந்த கல்வி ஆணையத்தையும் கலைத்தது. 1990இல் பள்ளிகள் ஹாக்னி கவுன்சில் தலையில் வந்து விழுந்தன. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த கவுன்சில் அது. 1992 முதல் தேர்வு முடிவுகள் பட்டியலாக வெளிவந்தன. பட்டியலில் அடியில் இருக்கும் பள்ளியை வழி தெரிந்த பெற்றோர் தவிர்த்தார்கள். இடம் காலியானது. காலி இடம் இருந்தால் வேறு பள்ளிகள் வெளியேற்றிய பையன்கள் அங்கேதான் அனுப்பப்படுவார்கள். முடிவுகள் இன்னும் இறங்கும், பெற்றோர் இன்னும் விலகுவார்கள், பணம் இன்னும் குறையும். பையன்கள் மட்டும் படிக்கும் பள்ளி என்பதால் பாதிப் பெற்றோருக்கு அது கணக்கிலேயே இல்லை. தலைமை ஆசிரியர்கள் வந்த வேகத்தில் போனார்கள். கடைசியில் சுமார் இருநூறு பையன்கள் மிச்சம். அவர்களில் பலர் வீட்டில் ஆங்கிலம் பேசாதவர்கள், பலருக்குப் படிப்பில் தனி உதவி தேவைப்பட்டது. இந்தச் சுழலில் ஒரு கண்டிப்பான ஹெட்மாஸ்டர் மட்டும் என்ன செய்திருப்பார் என்று கட்டுரையாளர் சொன்னால் தேவலை.

ஆசிரியர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் வாதாடவில்லை. ஆய்வு அறிக்கைகள் மோசமாகத்தான் இருந்தன, பள்ளிக்குள் சண்டையும் கோஷ்டியும் இருந்தன. ஆனால் மூடிய விதத்தைப் பாருங்கள். 1995 ஜூன் மாதம், பள்ளியை மூடும் திட்டத்தைக் கைவிடுவதாகக் கவுன்சில் உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். ஜூலையில் கல்வி அமைச்சர் ஜில்லியன் ஷெப்பர்ட், 1993ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிடைத்த அதிகாரத்தை முதல் தடவையாகப் பயன்படுத்தி ஒரு குழுவை அனுப்பினார். கோடை விடுமுறை கழிந்து சில வாரங்களில் "மூடலாம்" என்று அறிக்கை. பெற்றோர் தரப்பில் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். டிசம்பரோடு கதவு சாத்தியாயிற்று. பத்திரிகைகள் "பிரிட்டனின் மிக மோசமான பள்ளி" என்று பட்டம் கட்டின.

இனி மாஸ்போர்ன். அதை மட்டம் தட்டுவது என் நோக்கம் இல்லை, நல்ல பள்ளி. கட்டடக் கலைஞர் ரிச்சர்டு ரோஜர்ஸின் நிறுவனம் வடிவமைத்த கட்டடம் இரண்டு ரயில் பாதைகளுக்கு இடையில் ஆங்கில வி எழுத்து வடிவில் நிற்கிறது. முதுகு தண்டவாளத்துக்கு, முகம் மைதானத்துக்கு. மரச்சட்டங்களால் ஆனது. நீண்ட இருட்டுத் தாழ்வாரம் வேண்டாம் என்று, வகுப்புகள் முற்றத்தைப் பார்த்த கூரையிட்ட நடைபாதைக்குத் திறக்கும்படி கட்டினார்கள். ஒளிந்து கொண்டு வம்பு செய்ய மூலைமுடுக்கு கிடையாது. பாடம் தொடங்கும்போது பிள்ளைகள் எழுந்து நின்று, அமைதியோடும் ஆர்வத்தோடும் கவனிப்போம் என்ற உறுதிமொழியைச் சொல்வது வழக்கமாக இருந்தது. முதல் தலைமை ஆசிரியர் மைக்கேல் வில்ஷா பிற்பாடு 2012இல் பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் தலைமை ஆய்வாளர் ஆனவர். முதல் அணி 2009இல் பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வை எழுதியபோது எண்பது சதவீதத்துக்கும் மேல் ஐந்து பாடங்களில் நல்ல தரம் பெற்றார்கள். ஐந்தில் இரண்டு பேர் அளவுக்கு இலவச மதிய உணவு பெறும் ஏழைப் பிள்ளைகள் இருந்த பள்ளிக்கு இது சாதனைதான்.

ஆனால் அந்தச் சாதனைக்கு என்னென்ன கைகொடுத்தன? கட்டடத்துக்கு மட்டும் இரண்டு கோடி பவுண்டுக்கு மேல் செலவு. புரவலர் கிளைவ் போர்ன் ஹாக்னியோடு தொடர்புள்ள தொழிலதிபர், தன் அப்பா பெயரையே பள்ளிக்கு வைத்தார். இருந்தாலும் செலவில் பெரும்பங்கு அரசுப் பணம். முதல் வருடம் ஏழாம் வகுப்பு மட்டும். வருடத்துக்கு ஒரு வகுப்பாக மேலே வளர்ந்ததால் பழைய பழக்கத்தைச் சுமந்துவரும் சீனியர் பையன் ஒருவனும் இல்லை. ஆண், பெண் இருபாலருக்கும் இடம். சேர்க்கையில் தேர்வு வைத்துப் பிள்ளைகளைத் திறன்வாரியாக நாலு பிரிவாக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். அது நியாயமான முறை என்றே நினைக்கிறேன். கடைசிக் காலத்து ஹாக்னி டவுன்ஸுக்கு இதில் ஒன்றுகூட வாய்க்கவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, வித்தியாசம் கண்டிப்புதான் என்றால் எப்படி?

இன்னொன்று. 2002இல் ஹாக்னியின் கல்வி நிர்வாகத்தைக் கவுன்சிலிடமிருந்து எடுத்து லேர்னிங் டிரஸ்ட் என்ற தனி அமைப்பிடம் கொடுத்தார்கள். 2003இல் லண்டன் சேலஞ்ச் என்று தலைநகர்ப் பள்ளிகள் எல்லாவற்றையும் தூக்கிவிடும் திட்டம் வந்தது. நன்றாக நடக்கும் பள்ளிகளின் ஆசிரியர்கள் தடுமாறும் பள்ளிகளுக்குக் கைகொடுத்தார்கள். அந்தப் பத்து வருடத்தில் ஹாக்னியில் மாஸ்போர்ன் மட்டும் உயரவில்லை, அகாடமி அல்லாத பக்கத்துப் பள்ளிகளும் உயர்ந்தன. அவற்றைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. ரோஜர்ஸ் கட்டடம் இல்லாததால் புகைப்படமும் எடுபடாது போலிருக்கிறது.

தொடர் இன்னும் சில இதழ்களுக்கு வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால், ஹாக்னி டவுன்ஸை மூடியபோது மிச்சம் இருந்த அந்த இருநூறு பையன்கள் என்ன ஆனார்கள் என்பதையும் விசாரித்து எழுதச் சொல்லுங்கள். படிப்பாண்டின் நடுவில், பொதுத்தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது, அவர்களில் பெரும்பாலோரை ஹோமர்டன் ஹவுஸ் என்ற இன்னொரு பள்ளிக்கு அனுப்பினார்கள். பிற்பாடு அந்தப் பள்ளியையும் மூடிவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கிழக்கு லண்டன்