அவள் அம்மா ஊருக்குப் போகவில்லை

வண்டிப்பெரியாறு பக்கத்து எங்கள் தோட்டத்து லயங்களின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பெரியவர்களுக்கு,

வணக்கம். மேல் லயத்துப் பிள்ளைக்கு ஆறு வயது. அவள் அம்மா இறந்து பத்து நாள் ஆகிறது. "அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்" என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். தினமும் சாயங்காலம் குமுளி பஸ் வரும் நேரத்துக்கு அவள் ரோட்டோரம் போய் நிற்கிறாள். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

வேறு இடத்தில் எப்படியோ, நம் லயத்தில் இதைவிட மோசமான பொய் கிடையாது. நமக்கு ஊர் என்றால் சங்கரன்கோவில் பக்கம். கோயில் கொடைக்குப் போவோம், கம்பம் வழியாகத் திரும்புவோம், பையில் சேவும் கருப்பட்டியும் இருக்கும். ஊருக்குப் போனவர்கள் திரும்பி வருவதைத்தான் நம் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள்.

சின்ன வயதில் என் அப்பா இறந்தபோது எனக்கும் இதையேதான் சொன்னீர்கள். அப்பாவைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க என்னைக் கூட்டிப்போனீர்கள், மொட்டை போட்டீர்கள், கோயில் காரியம் என்றீர்கள். ஒரு வருஷம் கழித்துக் கோலி விளையாட்டுச் சண்டையில் ஒரு பையன், "உன் அப்பாதான் செத்துப்போய்விட்டாரே" என்றான். லயம் முழுக்கத் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை என்ற வெட்கம் நாற்பது வயதிலும் போகவில்லை.

அவள் அப்பாவே சொல்லட்டும். முடியாவிட்டால் ஆச்சி சொல்லட்டும். "அம்மா இறந்துவிட்டாள். இனி அவளுக்கு மூச்சு இல்லை, பசி இல்லை, வலி இல்லை. திரும்பி வரமாட்டாள்." இவ்வளவு போதும். 'தவறிவிட்டாள்' என்றால் எங்கே தவறி விழுந்தாள் என்று கேட்பாள். 'தூங்குகிறாள்' என்றால் இவள் தூங்கப் பயப்படுவாள். 'காய்ச்சலில் போய்விட்டாள்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். நாளை ஆச்சிக்குச் சளி பிடித்தாலே நடுங்குவாள். எல்லாக் காய்ச்சலும் அப்படியில்லை, இது மருந்துக்கு அடங்காத காய்ச்சல் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. "உன் சேட்டையில் நான் ஒருநாள் செத்துப்போவேன்" என்று நம் வீட்டில் சொல்லாத அம்மா யார்? அந்தப் பிள்ளை அதை நினைத்துக்கொண்டிருக்கலாம். அவள் கேட்காவிட்டாலும், "நீ செய்த எதனாலும் இல்லை" என்று நீங்களாகவே சொல்லுங்கள்.

சொன்னதும் கொஞ்சம் அழுதுவிட்டு விளையாடப் போய்விடுவாள். கல்நெஞ்சு என்று யாரும் பேச வேண்டாம். மறுநாள் "அம்மா எப்போது வருவாள்?" என்று மறுபடி கேட்பாள். மரணம் திரும்பாதது என்பது பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் பிடிபடும். கேட்கிற ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொல்லுங்கள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்து எழுபது பேர் போனார்கள். நான்கு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. அப்படிப்பட்ட வீட்டில்கூட, "தேடினோம், கிடைக்கவில்லை, இறந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறோம்" என்று பிள்ளையிடம் சொல்லத்தான் வேண்டும். இங்கே அடக்கம் செய்த இடம் இருக்கிறது. விருப்பமிருந்தால் கூட்டிப்போய்க் காட்டுங்கள். வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

அவள் அப்பாவும் யாரிடமும் பேசுவதில்லை. 14416 என்பது டெலி மானஸ் எண், மனக்கஷ்டத்துக்கு அரசு நடத்தும் போன் உதவி. காசு இல்லை, தமிழிலும் பேசலாம். யாராவது அவருக்குப் போன் போட்டுப் பேச வையுங்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூட்டம் வரும். அதில் யாராவது உளறுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். சொல்லும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டுமென்றால் கூப்பிடுங்கள். ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
கீழ் லயத்துக்காரன்