கைநோவோட திரும்பி வாற பிள்ளைய அண்டைக்கே பழைய மேசின்ல இருத்தாதீங்க

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

களுவாஞ்சிக்குடியில 8 மேசின் போட்டு ஸ்கூல் யூனிஃபோம் தைக்கிற ஒரு சின்ன தையல்கடை நடத்துறன். என்னப்போல நாலு பேர வச்சு வேலை வாங்குற ஆக்கள் வாசிக்கோணும் எண்டுதான் இத எழுதுறன், கொஞ்சம் நீளமா இரிந்தாலும் தயவுசெஞ்சு போடுங்க.

என்னட்ட 11 வருசமா வேலை செய்யிற பிள்ளை ஒண்டு, கொலர் தைக்கிறதுல அவட கைக்கு எங்கட கடையில ஆரும் கிட்ட வரேலா. போன வருசம் அவக்கு ராவுல கை விறைக்கத் தொடங்கிட்டு. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூண்டும் மரத்துப்போய் நித்திரையால எழும்பி கைய உதறிக்கொண்டு இரிப்பாவாம், சின்னவிரலுக்கு மட்டும் ஒண்டுமில்லையாம். வாதமாக்கும் எண்டு எண்ணெய் பூசிப் பாத்திரிக்கா. கடைசியில ஒருநாள் கத்திரிக்கோல் கையால நழுவி விழுந்த பிறகுதான் கிளினிக்குக்குப் போனா. மணிக்கட்டுக்குள்ளால போற நரம்பு நெரிபடுது, கார்ப்பல் டனல் எண்டு சொல்லி, ராவுல மணிக்கட்டு மடங்காம பட்டி போட்டுப் படுக்கச் சொன்னாங்க, வேலைக்கும் ஓய்வு.

5 கிழமை கழிச்சு வந்தா. அப்ப யூனிஃபோம் சீசன், துணி மலைபோல குவிஞ்சு கிடக்கு. "நோ எப்படி புள்ள?" எண்டன், "பரவாயில்ல அக்கா" எண்டா, நானும் அண்டைக்கே பழைய மேசின்ல இருத்திட்டன். பிழை என்னிலதான். பத்து நாள் போகல்ல, திரும்பவும் விறைப்பு, முந்தினதவிட மோசம், தேத்தண்ணிக் கோப்பைய ஒரு கையால பிடிக்க ஏலாம நிண்டா. நோகுது எண்டு முதலே ஏன் சொல்லல்ல எண்டு கேட்டன். "பீசுக்குத்தானே அக்கா காசு, மெதுவாத் தைச்சா நான் வீட்டுக்கு என்னத்தக் கொண்டு போறது" எண்டு அழுதா.

அண்டைக்கு ராவு எனக்கு நித்திரை இல்ல. ஓய்வு குடுத்தாச்சு, பட்டி போட்டாச்சு, எல்லாம் சரி, ஆனா நான் காசு குடுக்குற முறையே அந்தக் கைய திரும்பவும் ஓட வைக்குது எண்டு அதுவரைக்கும் எனக்கு விளங்கவே இல்ல.

ரெண்டாவது முறை அவவோட நானும் கிளினிக்குக்குப் போனன். இந்தக் கையால என்ன செய்யலாம், என்ன செய்யப்படாது எண்டு பிசியோதெரபி செய்யிற மிஸ்ஸிட்ட வாயால கேட்டு ஒரு கொப்பியில எழுதிக்கொண்டு வந்தன். முதல் ரெண்டு கிழமை அரைநாள்தான், கத்திரிக்கோல் தொடுறதே இல்ல, அளவெடுக்கிறதும் தைச்ச உடுப்புகள செக் பண்றதும்தான் வேலை. பிறகு மேசின்ல ஒரு மணித்தியாலம், அது நோ இல்லாம போனா அடுத்த கிழமை ரெண்டு. ராவுல விறைச்சா அடுத்த நாள் கூட்டுறல்ல, கொறைக்கிற. இவ்வளவு நாளும் பீஸ் கணக்க நிப்பாட்டிப்போட்டு, நோ வர முதல் மூண்டு மாசமும் எடுத்த காச சராசரி போட்டு நாள் சம்பளமாக் குடுத்தன். கஷ்டம்தான், இல்லையெண்டு சொல்லேலா, ஆனா புதுசா ஒரு பிள்ளைக்கு கொலர் பழக்கி எடுக்க எனக்கு ஒரு வருசம் வேணும், அதோட பாத்தா இது பெரிய காசே இல்ல.

கதிரைய உயத்தி முழங்கை மேசை மட்டத்துக்கு வாறமாதிரி வச்சம், மொட்டைக் கத்திரிக்கோலெல்லாம் சாணை பிடிச்சம், நாலு மடிப்புத் துணிய ஒரே வெட்டா வெட்டுறத விட்டுட்டம். மத்தப் பிள்ளையள் "அவக்கு மட்டும் என்ன" எண்டு முணுமுணுத்தாங்க. அதுக்காக எல்லாருக்கும் ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா வேலைய மாத்திவிட்டன், அப்பதான் இன்னும் ரெண்டு பேர் தங்களுக்கும் மணிக்கட்டு நோகுது எண்டு மெதுவா வந்து சொன்னாங்க. வேலை போயிரும் எண்ட பயத்துல மறைச்சிரிக்காங்க.

ஒண்ட மறந்திட்டன், வீட்டு வேலை. தேங்காய் திருவுறதும் உடுப்பு பிழியிறதும் அதே மணிக்கட்டுத்தான். அவட புருசனக் கூப்பிட்டுக் கதைச்சன், நல்ல மனுசன், இப்ப பிழியிறது அவர்தான்.

இது தையல்கடைக்காரருக்கு மட்டும் இல்ல, மருதமுனைத் தறியில இரிக்கிறவங்களுக்கும், கல்முனையில நாள் முழுக்க டைப் அடிக்கிற பிள்ளையளுக்கும் இதே கைதான். வேலையில காயப்பட்டா நட்டஈடு எண்டு 1934ம் ஆண்டிலயே சட்டம் வந்திட்டு, ஆனா விரல்ல ஊசி ஏறினா காயம் எண்டு நினைக்கிறம், நரம்பு கொஞ்சம் கொஞ்சமா நெரிபடுறத ஆரு காயமா எடுக்கிற? கடை, ஒபிஸ் வேலைக்காரருக்கான 1954ம் ஆண்டுச் சட்டத்துல ஒரு வருசம் முடிச்சவங்களுக்கு 14 நாள் லீவும் 7 நாள் கெசுவல் லீவும்தான். இந்த நோவுக்கு அது காணாது, அதாலதான் பாதிப் பேர் ஆறாத கையோட திரும்பி வாறாங்க.

டொக்டர்மாரிட்டயும் ஒரு கேள்வி கேக்கோணும். மெடிக்கல்ல "ரெண்டு கிழமை ஓய்வு" எண்டு மட்டும் எழுதாம, திரும்பி வந்தா எத்தின மணித்தியாலம் செய்யலாம், எத தூக்கப்படாது, எந்த வேலை கூடாது எண்டு ரெண்டு வரி தமிழ்ல எழுதித் தருவீங்களா? அந்தத் துண்டு முதல்முறையே என்ட கையில இரிந்திருந்தா அந்தப் பிள்ளைக்கு ரெண்டாம் முறை நொந்திராது.

இப்படிக்கு,
தையல்கடை நடத்தும் ஒரு வாசகி,
களுவாஞ்சிக்குடி