கூத்தை மேடையிலிருந்து இறக்குங்கள்: சேலம் மாவட்டத் திருவிழாக் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத்து ஊர்களில் மாரியம்மன், காளியம்மன், திரௌபதியம்மன் பண்டிகைகளை முன்னின்று நடத்தும் தர்மகர்த்தாக்களுக்கும், பெரியதனக்காரர்களுக்கும், கமிட்டியில் ராப்பகலாக ஓடியாடும் தம்பிகளுக்கும் வணக்கம்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். வருடக்கணக்காக ஆர்கெஸ்ட்ராவும் ஆடலும் பாடலும் மட்டுமே வைத்துக்கொண்டிருந்த ஊர்கள் சிலவற்றில் இப்போது மறுபடியும் கூத்து வைக்கிறீர்கள். பண்டிகை நோட்டீஸில் தெருக்கூத்து என்ற வரியைப் பார்த்துவிட்டால் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. மேச்சேரி, நங்கவள்ளி, ஜலகண்டாபுரம், எடப்பாடி என்று எந்தப் பக்கம் நடந்தாலும் போய் உட்கார்ந்துவிடுவேன். நான் வேஷம் கட்டுகிறவன் அல்ல, பார்க்கிறவன். அந்த முறையில் உங்களிடம் கேட்பதற்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கூத்தைத் திரும்பக் கொண்டுவந்தது போல, அதைத் தரைக்கும் இறக்கிக் கொடுங்கள். ஐந்தடி உயர மேடையில் அது மூச்சுத் திணறுகிறது.

ஓர் ஊரில் கூத்து பார்த்ததைச் சொல்கிறேன். எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம், கமிட்டியார் மனம் நோகக் கூடாது. நல்ல மனதோடுதான் வைத்தார்கள். முதல் நாள் ஆடலும் பாடலும் நடந்த அதே மேடை, அதே பந்தல். மேடைக்குப் பின்னால் பெரிய எல்இடி திரை. அதில் அருவி கொட்டிக்கொண்டே இருந்தது. மேடைக்கு முன்னால் இரும்புத் தடுப்பு, அதற்குப் பின்னால் முக்கியஸ்தர்களுக்கு சோபா, அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலி வரிசை, அதற்கும் பின்னால்தான் பெண்களும் குழந்தைகளும். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து வேஷக்காரர் இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை.

கூத்தில் இடுப்புக்குக் கீழேதான் பாதி விஷயம் இருக்கிறது. அடவு அங்கே, சலங்கை அங்கே. துரியோதனன் வருகிறான் என்றால் சும்மா வந்து நிற்க மாட்டான். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்ள, அதற்குப் பின்னால் நின்று பாடுவான். திரைக்கு அடியில் கால் மட்டும் தெரியும். சலங்கைச் சத்தம் ஏறும், முகவீணைக் குழல் கூடவே ஏறும், திரைத்துணி குலுங்கும், கிரீடத்தின் நுனி ஒரு கணம் மேலே எட்டிப் பார்த்துவிட்டு மறையும். குழந்தைகள் தரையோடு தரையாகக் குனிந்து திரைக்கு அடியில் பார்க்கப் பார்ப்பார்கள். அந்தத் தவிப்பு முழுக்க அந்த ஒரு முழத் துணியில் இருக்கிறது. அன்றைக்கு எல்இடி வெளிச்சத்துக்கு முன்னால் அந்தத் துணி இருந்த இடமே தெரியவில்லை.

மைக் இன்னொரு கொடுமை. மேடை நடுவில் ஸ்டாண்டு வைத்து இரண்டு மைக். வேஷக்காரர் இரண்டு அடவு போடுவார், பாட்டு வரி வந்ததும் மைக்குக்கு ஓடி வருவார். கிரிக்கி என்கிற வேகச் சுழற்சி சுற்ற ஆரம்பித்தால் குரல் போய்விடும், குரலைப் பிடித்தால் ஆட்டம் நின்றுவிடும். பதினெட்டு இருபது கிலோமீட்டர் வண்டியில் வந்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து அரிதாரம் பூசி, மரக்கட்டை அணிகளையெல்லாம் இழுத்துக் கட்டிக்கொண்டு வந்த மனுஷனை ஒரு இரும்புக் கம்பியில் கட்டிப்போட்டது மாதிரி ஆகிவிட்டது. நள்ளிரவுக்கு முன்னாலேயே நாற்காலிகள் காலி. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு தம்பி, “கூத்துக்கெல்லாம் இப்ப யாருங்கண்ணா உட்கார்றாங்க” என்றான். அந்தத் தம்பிக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வருடம் வேறொரு ஊரில், ஏரிக்கரை ஓரம் ஒரு களத்துமேட்டில், அதே மாதிரி ஒரு ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், பாஞ்சாலி துகிலுரியும் கூத்து பார்த்தேன். மேடை இல்லை. வாத்தியக்காரர்களுக்கு மட்டும் பின்பக்கம் ஒரு பெஞ்சு. மற்ற மூன்று பக்கமும் ஜனம், பாயிலும் சாக்கிலும். ஆட்டத்துக்கு முன்னால் ஆர்மோனியமும் மிருதங்கமும் வாசித்துக் களரி கட்டும்போதே முன்வரிசைக் குழந்தைகள் தாளத்துக்குத் தொடையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

துச்சாதனன் பாஞ்சாலியை இழுத்துவரப் போனான். எங்கே இருந்து இழுத்துவருவான் என்று யாருக்கும் தெரியாது. திடீரென்று எங்களுக்குப் பின்னால் இருட்டில் இருந்து சலங்கை கேட்டது. ஜனத்தைப் பிளந்துகொண்டு இரண்டு பேரும் வருகிறார்கள். பாஞ்சாலி வேஷம் கட்டியிருந்தவரின் கூந்தல் துச்சாதனன் கையில். பெண்கள் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளை வாரி மடியில் போட்டுக்கொண்டு வழிவிட்டார்கள். என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தக் கால் போனது. ஒரு பாட்டி எழுந்து நின்று, “அடப் பாவி, விடுறா அவளை” என்று நிஜமாகவே கத்தினார். அவர் குரல் நடுங்கியது. யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

அப்புறம் நடந்ததுதான் என்னால் மறக்க முடியாதது. துகிலைத் தொடுவதற்கு முன்னால் துச்சாதன வேஷக்காரர் நின்றார். ஊர்க்காரர் ஒருவர் தட்டில் கற்பூரம் கொளுத்திக் கொண்டுவந்தார். அதுவரை மீசையை முறுக்கி உறுமிக்கொண்டிருந்தவர், பாஞ்சாலியாக நின்றவருக்கு அதைக் காட்டிவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகுதான் சேலை நுனியைத் தொட்டார். கூத்து மரபில் இது உண்டு. ஆனால் கற்பூரப் புகை உங்கள் மூக்கில் ஏறும் தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பது வேறு. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பது அந்த வெளிச்சத்தில் எனக்குத் தெரிந்தது. நாங்கள் அழுவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். மேடைக்கு எதிரே நாற்காலி வரிசை போட்டால் எனக்கு முன்னால் இருப்பவரின் பின்மண்டைதான் தெரியும். மூன்று பக்கமும் உட்கார்ந்தால் ஆட்டத்துக்கு அந்தப் பக்கம் ஊரே தெரியும். யார் அழுகிறார்கள், யார் கோமாளியைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார்கள், எந்தப் பெரியவர் அடுத்த அடியை வேஷக்காரருக்கு முன்னாலேயே முணுமுணுக்கிறார் என்று எல்லாம் தெரியும். ஜனம் விடிய விடிய உட்கார்ந்திருப்பதற்குக் கதை மட்டுமா காரணம்? கதை எல்லோருக்கும் தெரிந்த பாரதக் கதைதானே. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அந்தக் கதைக்குள் இருப்பதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

என் அக்கா மகள் லண்டனில் வேலை பார்க்கிறாள். அங்கே பிரிட்ஜ் தியேட்டரில் 2023இல் ‘கைஸ் அண்ட் டால்ஸ்’ என்ற இசை நாடகத்தைப் புதுப்பித்துப் போட்டார்கள். 1950இல் நியூயார்க்கின் பிராட்வேயில் முதலில் வந்த நாடகம் அது. இந்தத் தடவை இயக்குநர் நிக்கோலஸ் ஹைட்னர் என்ன செய்தார் என்றால், கீழ்த்தளத்தில் நாற்காலியே போடாமல் ஜனத்தை நிற்கவைத்துவிட்டார். தரை துண்டு துண்டாக மேலே எழும்பும், கீழே இறங்கும். எழும்பிய துண்டின்மேல் நடிகர்கள் பாடி ஆடுவார்கள், ஜனம் சுற்றி நிற்கும். அடுத்த காட்சிக்கு வேறு இடத்தில் தரை எழும்ப வேண்டுமென்றால் நியூயார்க் போலீஸ் உடுப்பு போட்ட ஆட்கள் வந்து ஜனத்தை நகர்த்துவார்கள். நிற்க முடியாதவர்களுக்குச் சுற்றிலும் மாடங்களில் இருக்கை உண்டு. 2025 ஜனவரி வரை ஓடியது. இவள் நின்று பார்க்கிற டிக்கெட் வாங்கிப் போயிருக்கிறாள். “பாடிக்கிட்டே போனவரோட நெத்தி வேர்வை தெரிஞ்சது மாமா. அடுத்து எந்தப் பக்கம் பாட்டு வரும்னு தெரியாம நானும் சுத்திக்கிட்டே இருந்தேன். எதிர்ல நிக்கறவங்க மூஞ்சியைப் பார்க்கறதே ஒரு நாடகம் மாதிரி இருந்துச்சு” என்றாள்.

அவர்கள் நம்மைப் பார்த்துச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் வழி அவர்களுக்கு. ஆனால் பார்க்கிறவனை ஆட்டத்துக்குள் கொண்டுவர அங்கே பெரிய செலவில் தரையையே எந்திரமாக்க வேண்டியிருக்கிறது. நம் களத்துமேட்டில் எந்திரம் எதுவும் வேண்டாம். போலீஸ் உடுப்பு ஆட்கள் செய்கிற வேலையை நம் கோமாளி வசனத்துக்கு நடுவிலேயே செய்துவிடுவார். “பெருசு, காலை மடக்கிக்கோ, பீமன் கதையோட வர்றான்” என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் இது கூத்தோடு நிற்கவும் இல்லை. ஆடி மாதம் சேலம் குகையில் வண்டி வேடிக்கை பார்த்திருப்பீர்கள். சாமி வேஷம், புராண வேஷம் போட்டவர்களோடு அலங்கார வண்டிகள் ஜனத்துக்கு நடுவே ஊர்ந்து வரும். தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று யாரும் பார்ப்பதில்லை. பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் பகாசூரன் கதைக்குப் பீமன் வண்டி நிறையச் சோற்றோடு தெருத் தெருவாகப் போவான். அர்ஜுனன் தபசுக்கு நட்ட மரத்தில் ஏறி மேலேயிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் போடுவான், பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே முந்தானையை ஏந்தி நிற்பார்கள். படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் ஊர் நிலத்தில் நீட்டிப் படுத்திருப்பான். இவற்றில் எதை மேடையில் ஏற்றிவிட முடியும்?

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, கலாச்சார நிகழ்ச்சி என்றால் வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு அனுமதிக்கலாம். விடிய விடிய கூத்து வைக்க முடியவில்லை என்று நீங்கள் சொல்வதில் இந்தச் சிக்கல் இருப்பது எனக்குப் புரிகிறது. அதற்காக எட்டு மணி நேரக் கூத்தை முக்கால் மணி நேரமாக வெட்டச் சொல்லாதீர்கள். கூத்தை நடத்தும் வாத்தியார் எதை விடுவார், பாவம்? விளக்கு வைத்ததும் ஆரம்பித்துவிடுங்கள். அன்னதானம், வாணவேடிக்கை, பரிசளிப்பு, சால்வை எல்லாவற்றையும் முன்னால் தள்ளிவிட்டுக் கூத்தைப் பத்தரைக்கு ஏற்றுவதால்தான் பாதி நேரம் போகிறது. தபசும் படுகளமும் பகலில் நடக்கிற மரபே இருக்கும்போது, ஒரு கதையை மதியத்துக்குமேல் வேப்பமர நிழலில் வைத்தால் என்ன? பள்ளிக்கூடப் பிள்ளைகளும் முழுசாகப் பார்ப்பார்கள்.

ஜனம் கிட்டே உட்கார்ந்தால் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டியும் தேவைப்படாது. தலைக்கு மேலே கயிறு கட்டி இரண்டு மூன்று மைக் தொங்கவிட்டால் வேஷக்காரர் எங்கே சுற்றினாலும் குரல் வரும். அந்தக் காலத்தில் அப்படித்தான் தொங்கும். விளக்குக்கு இரண்டு பக்கமும் கம்பம் நட்டு வெள்ளை வெளிச்சம் போதும். சிவப்பும் பச்சையுமாக மினுக்கினால் முகத்தில் எழுதிய வேஷமெல்லாம் வீண்.

இன்னொரு விஷயம், மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தரையில் மூன்று பக்கமும் ஜனம் உட்கார்ந்த காலத்தில், எந்தத் தெரு எந்தப் பக்கம் என்ற கணக்கும் கூடவே இருந்தது. சில ஊர்களில் ஒரு பகுதி ஜனம் எட்ட நின்றுதான் பார்த்தார்கள். தெருவிலும் களத்திலும் ஆடிய கலைதான் என்றாலும் எல்லோருக்கும் ஒரே தூரத்தில் அது கிடைக்கவில்லை. பழையபடி தரையில் களரி, அதாவது ஆடுகளம், அமைக்கிறோம் என்று சொல்லி அந்தக் கணக்கையும் தூசி தட்டி எடுத்துவிடாதீர்கள். முதலில் வந்தவர் முன்னால் உட்காரட்டும். முன்வரிசை குழந்தைகளுக்கு, நடக்க முடியாதவர்களுக்கு ஓரமாக நாற்காலி, மற்றவர்களுக்குப் பாய். அன்பளிப்புக் கொடுத்தவர் பெயரைக் கோமாளி சொல்லும்போதும் எந்தத் தெருவில் இருந்து வந்த பத்து ரூபாயாக இருந்தாலும் ஒரே குரலில் சொல்லட்டும். இதில் நான் கொஞ்சமும் இறங்கிவர மாட்டேன். ஒதுக்கி உட்காரவைத்து நடத்தும் களரியைவிட அந்த ஐந்தடி மேடையே மேல்.

செல்போனைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். எழுந்து நின்று படம் எடுப்பதை மட்டும் தடுத்தால் போதும். அதைக் கோமாளியிடம் விட்டுவிடுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்.

ஜமாக்காரர்களுக்கு வேஷம் போட ஒரு மறைவான இடம், நல்ல வெளிச்சம், தண்ணீர், வேளைக்குச் சாப்பாடு, பெண் கலைஞர்கள் வந்தால் தனி அறையும் கழிப்பறையும். மேடைக்கும் எல்இடிக்கும் கொடுக்கும் வாடகை மிச்சமாகும்போது அதில் ஒரு பங்கை அவர்கள் கூலியில் சேர்த்துவிடுங்கள். பண்டிகை மாதங்களில் சம்பாதித்ததை வைத்துத்தான் மழைக்காலத்தைத் தள்ளுகிறார்கள்.

ஆடிக்குக் கூட்டம் போட்டுப் பேசும்போது இந்தக் கடிதத்தைச் சபையில் ஒரு தடவை வாசியுங்கள். பந்தல்காரருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கூத்து வாத்தியாரை வரவழைத்து, ஊரில் இருக்கும் களம், கோயில் திடல், ஏரிக்கரை எல்லாவற்றையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். எங்கே ஆடினால் சரிப்படும் என்று அவர் காலால் மிதித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். அவர் சொல்கிற இடத்தில் கல், முள் பொறுக்கிச் சாணம் தெளிக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், நானும் இன்னும் நாலு பேரும் வருகிறோம்.

அன்புடன்,
பாயில் உட்கார்ந்து பார்க்கும் ஒரு சேலத்துக்காரன்