தம்பிக்கு அம்மா எழுதுவது

தம்பி,

போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. அக்கா வீட்டு மாடி வேலை முடிந்துவிட்டது. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

நீ வந்திருந்தபோது ராத்திரி செபமாலை சொன்னோமே, பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பரலோக மந்திரத்துக்கு உன் வாய் அசைந்தது, மாதாவைப் பார்த்துச் சொல்லும் அருள் நிறை மந்திரத்துக்கு அசையவில்லை. செபமாலையில் ஒரு பத்து மணி உருட்டி முடிக்கும்வரை உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் அடுப்படியில் வந்து நின்று, "இயேசுவுக்குத் தம்பி தங்கச்சி இருந்தாங்களேம்மா, மாற்கு ஆறில் பேரோட இருக்கே" என்றாய். வீடு நிறைய ஆள் இருந்தார்கள், நான் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. மாதா முப்பொழுதும் கன்னி, வேறு பிள்ளை பெறவில்லை என்று நாம் சொல்வது தப்பு என்கிறாய். என்னிடம் பதில் இல்லாமல் இல்லை.

மாற்கு நற்செய்தி 6:3 எனக்கும் தெரியும். யாக்கோபு, யோசே, யூதா, சீமோன், அப்புறம் சகோதரிகள். மறைக்கல்வி வகுப்பில் நானே எத்தனை பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். இந்தக் கேள்வியை நீ இப்போது போகிற சபையார் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, தம்பி. 383-லேயே ஹெல்விடியுஸ் என்பவர் மரியாளுக்கு வேறு பிள்ளைகள் உண்டு என்று எழுதி, விவிலியத்தை லத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோம் ரோமிலிருந்து அவருக்கு மறுப்பு எழுதினார். சிலுவையடியில் நின்றவர்களில் இன்னொரு மரியாள் இருக்கிறாளே, மாற்கு 15:40, சின்ன யாக்கோபுக்கும் யோசேக்கும் தாய், அவள் பிள்ளைகள்தான் இவர்கள், ஆண்டவருக்குச் சித்தி பெரியம்மா பிள்ளைகள் மாதிரி என்று ஜெரோம் சொன்னார். ஆர்த்தடாக்ஸ் சபையார் மாதாவை நம்மைப் போலவே முப்பொழுதும் கன்னி என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் அந்த நாலு பேரும் மாதாவின் கணவர் சூசையப்பருக்கு மூத்த தாரத்துப் பிள்ளைகள் என்பார்கள். நம்புகிறவர்களுக்குள்ளேயே இரண்டு விளக்கம். உன் பக்கமும் பழைய ஆள் இல்லாமல் இல்லை, ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் அவர்களைக் கூடப் பிறந்தவர்களாகத்தான் எடுத்துக்கொண்டார். அதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

மத்தேயு 1:25-ஐயும் நீ கொண்டுவருவாய், மகனைப் பெறும்வரை சூசையப்பர் அவளோடு கூடவில்லை, அப்படியென்றால் பிறகு கூடினார்தானே என்று. சவுலின் மகள் மீக்கால் சாகும்வரை பிள்ளை இல்லாமல் இருந்தாள் என்று சாமுவேல் இரண்டாம் புத்தகம் சொல்கிறதே, செத்த பிறகா பெற்றாள்? கால்வின்கூட இந்த வசனத்தை வைத்துக்கொண்டு பிறகு என்ன நடந்தது என்று ஒன்றும் முடிவுகட்ட முடியாது என்றுதான் எழுதினார். கால்வின் நம் ஆள் இல்லை, புரட்டஸ்தாந்துத் தலைவர்.

லூத்தரும் நம் ஆள் இல்லை, நம்மை விட்டுப் போனவர். அவர் கடைசிவரை மாதாவை நித்திய கன்னி என்றே சொன்னார், சுவிங்கிளியும் அப்படித்தான். மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1749-ல் ஒரு கத்தோலிக்கருக்கு எழுதிய கடிதத்தில், பிள்ளை பெறுவதற்கு முன்னும் பின்னும் அவள் மாசற்ற கன்னியாக இருந்தாள் என்று நம்புவதாக எழுதியிருக்கிறார். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ. ஆகச் சேர்ந்த சபைகளில் அந்த வெஸ்லியின் மெதடிஸ்ட்டுகளும் உண்டு, மருமகளின் ஆச்சி வீட்டாரும் சி.எஸ்.ஐ. தானே. நான் ஜெயிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இதை நம்பிக்கொண்டே நம்மை விட்டுப் போனவர்கள் இருக்கும்போது, இது ஒன்றுக்காக ஒருத்தன் பெற்ற வீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

எனக்கு ஜெரோமும் வேண்டாம், மாதா முப்பொழுதும் கன்னி என்று 649-ல் லாத்தரன் சங்கம் சொன்னதும் வேண்டாம், யோவான் 19 போதும். உயிர் போகிற நேரத்தில் ஆண்டவர் தாயைச் சீடர் கையில் ஒப்படைக்கிறார். வயிற்றில் பிறந்தவர்கள் நாலு பேர் இருந்தால் எந்த ஊரில் ஒரு தாயை அடுத்தவன் வீட்டுக்கு அனுப்புவார்கள்? சகோதரர்கள் அப்போது அவரை நம்பவில்லை, யோவான் 7:5 என்று நீ சொல்லலாம். நியாயமான பதில்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரத்தில், சில வாரம்தான் ஆகியிருக்கும், அதே சகோதரர்கள் மாதாவோடு ஒரே அறையில் செபம் பண்ணிக்கொண்டு இருக்கிறார்கள். அந்த வசனத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

மறைமாவட்ட விவிலியப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவன் நீ, அந்தச் சான்றிதழ் இன்னும் அப்பா மேசைக்கு மேலேதான் தொங்குகிறது. அந்தப் பிள்ளை யாரோ அனுப்பிய மூன்று நிமிஷ வீடியோவைப் பார்த்துவிட்டுப் பேசலாமா? போன வருஷம் நம் தெருமுனையில் ஒருவர் மைக்கைப் பிடித்து, மாதா முட்டை ஓடு மாதிரி, குஞ்சு வந்த பிறகு ஓடு எதற்கு என்று கத்தினார். மாதாவுக்கு வேறு பிள்ளைகள் உண்டு என்று நீ நம்பினால் நம்பு. ஆனால் உன் வாயிலிருந்து அந்த மாதிரிப் பேச்சு வரக் கூடாது. பெற்றவளை ஓடு என்று சொல்லக் கூடாது, தம்பி, யாரைப் பெற்றவளாக இருந்தாலும்.

மருமகளை நான் குறை சொல்லவில்லை. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டவள் அவள். வேதத்தை அவள் அளவுக்கு வாசிக்கிறவர்கள் நம் தெரு அன்பியக் குழுவில் இல்லை. இதை வைத்து அவளோடு சண்டை போடாதே. அவள் வீட்டார் முன்னால் நம்மை விட்டுக்கொடுத்தும் பேசாதே. ராத்திரி பைக்கில் சபைக் கூட்டத்துக்குப் போய்த் திரும்பும்போது பாப்பாவுக்குக் காதை மூடிக் கட்டு, அந்த ரோட்டில் லாரி அதிகம், சண்டை மட்டும் போடாதே.

டிரங்குப் பெட்டியிலிருந்து நீயும் அக்காவும் போட்ட ஞானஸ்நானச் சட்டையை எடுத்தேன். கழுத்து லேஸ் பழுப்பேறிக் கிடந்தது, எலுமிச்சம்பழம் தேய்த்து வெயிலில் போட்டதில் பாதி போயிருக்கிறது. முதுகில் ஒரு பொத்தானைக் காணோம், அதே மாதிரி முத்துப் பொத்தான் கடைத்தெருவில் கிடைத்தது, தைத்துவிட்டேன். நீ இருபதாம் நாளில் போட்டது, உனக்குத் தொளதொள என்று இருந்தது. பாப்பாவுக்குத் தோள் இப்போது பிடிக்கும், இன்னும் ஒரு மாதம் போனால் பிடிக்காது என்று அக்கா சொல்கிறாள். அவள்தான் சொல்கிறாள். பெரியவர்களான பிறகு தண்ணீரில் முங்கி எடுப்பதுதான் சரி என்று உங்கள் பக்கம் சொல்வார்கள், அதுவும் எனக்குத் தெரியும், அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. மாதா விஷயத்தில் நீ ஒன்று நினை, நான் ஒன்று நினைக்கிறேன், இரண்டு பேரும் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசலாம். பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீ பேசாத விஷயம் இன்னும் எத்தனை இருக்கிறது என்று ராத்திரி எல்லாம் யோசித்துக்கொண்டு கிடக்கிறேன்.

நம் தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில் ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 பெருவிழா. திருவிழா நேரத்தில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்காது, இப்போதே டிக்கெட் போடு. மருமகள் கோயிலுக்கு வர விருப்பமில்லை என்றால் வீட்டில் இருக்கட்டும், நானும் பாப்பாவோடு இருந்துகொள்கிறேன், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். மாற்கு ஆறுக்கு என் பதிலை எழுதிவிட்டேன், யோவான் 19-க்கு உன் பதிலை நேரில் சொல்ல வேண்டும். அப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசாதே, அவருக்குத் தெரியாது. டிக்கெட் போட்டதும் அவர் போனுக்குக் கூப்பிட்டுத் தேதியை மட்டும் சொல்.

அம்மா