அந்த லண்டன் வேறு, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு இதழில் கொழும்பு–யாழ்ப்பாண ரயிலான பழைய யாழ்தேவி பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். நல்லாத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காலத்து டீசல் எஞ்சின்கள் ‘இங்கிலாந்தில் லண்டனில் செய்யப்பட்டவை’ என்று ஒரு வரி வருகிறதே, அது பிழை. எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன், எஞ்சினின் பக்கத்தில் இருந்த தகட்டில் லண்டன் என்றுதான் இருந்தது, அதற்குப் பிறகு வரும் ஒன்ராறியோ, கனடா என்பதை யாரோ வாசிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

அப்பா மாங்குளம் ஸ்ரேசனில் போர்ட்டராக இருந்தவர். அந்த எஞ்சினுக்கு எங்கள் வீட்டில் ‘கனடா எஞ்சின்’ என்றுதான் பெயர். ரயில்வேயின் கணக்கில் அது எம்-2. ஆசிய நாடுகளின் வளர்ச்சிக்கு உதவும் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த உதவி அது, முதல் 5 எஞ்சின்களும் 1954இல் வந்தன, பிறகு அறுபதுகள் வரை கொஞ்சம் கொஞ்சமாக வந்து மொத்தம் 14 ஆனது. ஜெனரல் மோட்டார்ஸின் கனடாக் கிளை, ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் செய்த ஜி-12 என்ற மாதிரி. இங்கிலாந்து எஞ்சின்களும் இருந்தனதான், அவை கனடா எஞ்சினுக்குச் சற்று முன்னே வந்த எம்-1, பிரஷ் பாக்னல் கம்பனி செய்த 25. உங்கள் கட்டுரை இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டது.

வன்னிக்கு டீசல் வந்தது சின்ன விசயம் இல்லை. நீராவி எஞ்சினுக்கு வழிநெடுகத் தண்ணீர் வேண்டும், எங்கள் பக்கம் ஆடி ஆவணியில் குளமே வெடித்துக் கிடக்கும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை. டீசல் மோட்டார் நேரே சில்லைச் சுற்றுவதில்லை, அது ஜெனரேற்றரைச் சுற்ற, அதில் வரும் மின்சாரம் கீழே அச்சுகளில் இருக்கும் மோட்டார்களுக்குப் போகும். 12 சிலிண்டர், ஒவ்வொன்றும் 567 கன அங்குலம், 1425 குதிரைவலு. முதலில் வந்தவற்றுக்கு 6 அச்சு, ஆனால் 4 அச்சுக்குத்தான் மோட்டார், நடுவில் இருப்பவை பாரம் தாங்க மட்டும். இதை அப்பா ‘நடுச்சில்லு சும்மா கூட வருது’ என்பார். ரயில்வே பொது முகாமையாளராக இருந்த ரம்பாலவின் காலத்தில்தான் டீசல் வேகமாகப் பரவியது, யாழ்தேவி 1956 ஏப்ரல் 23இல் ஓடத் தொடங்கியதும் அவர் காலத்தில்தான்.

ஒற்றைத் தண்டவாளம் என்பதால் அடுத்த ஸ்ரேசன் வரை போக அனுமதியாக ஒரு வட்டத் தகடு கொடுப்பார்கள், அது பிரம்பு வளையத்தில் தோல் பையில் கிடக்கும். இரவு மெயில் வரும்போது அப்பா ஒரு கையில் விளக்கும் மறு கையில் வளையமுமாக மேடை விளிம்பில் நிற்பார். முதலில் காலுக்குக் கீழே மண் அதிரும், பிறகு அந்த டூ-ஸ்ட்ரோக் மோட்டாரின் உறுமல், பிறகு முகத்தில் டீசல் மணத்தோடு சூடான காற்று. எஞ்சினிலிருந்து நீளும் கை வளையத்தைப் பறித்துக்கொண்டு போகும், முந்தின ஸ்ரேசனில் கொடுத்த பழைய வளையத்தை அவர்கள் எறிய, அது மேடையில் உருண்டு ஓடும். அதை ஓடிப் பிடிப்பது என் வேலை. (சம்பளம், முறிகண்டிக் கச்சான் ஒரு சுருள்.) விளக்கு வெளிச்சத்தில் எஞ்சினின் பெயரை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, இப்படி எல்லாம் கனடா மாகாணங்கள். எங்கள் ஆட்கள் பாதிப்பேர் அங்கே போய்க் குடியேறுவார்கள் என்று அப்போது யார் கண்டது!

1990 யூன் 13க்குப் பிறகு போரால் கோச்சி வரவில்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போன கதை உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கு மீண்டும் ரயில் வந்த அன்று கூட்டத்தோடு கூட்டமாக நானும் நின்றேன், அப்பா இல்லை.

இன்னொன்று. 2004 டிசம்பர் 26இல் தெற்குக் கரையோரப் பெரலியவில் சுனாமி அடித்துப்போன ரயிலை இழுத்து வந்ததும் இந்த இனம்தான், 591ஆம் இலக்க மனிற்றோபா. அந்த ரயிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எஞ்சினை மீட்டுத் திருத்தி மறுபடி ஓடவிட்டார்கள்.

என் தங்கையின் மகன் இப்போது அதே லண்டனில்தான் இருக்கிறான், ஒன்ராறியோவில். எஞ்சின் செய்த தொழிற்சாலை எங்கே என்று விசாரிக்கச் சொன்னேன். ‘மாமா, அதை 2012இலேயே இழுத்துப் பூட்டிப்போட்டாங்கள்’ என்றான். செய்த இடத்தைப் பூட்டிவிட்டார்கள், எஞ்சினில் சிலது இங்கே இன்னும் ஓடுகிறது.

திருத்தத்தை வாற ஞாயிறே போட்டுவிடுங்கள். லண்டன் என்று மட்டும் போடாமல், ஒன்ராறியோ, கனடா என்று தகட்டில் இருந்த மாதிரியே முழுதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகர்,
மாங்குளம்